ஹெரால்டு வாங்குன மருமவனுக்கு மாமன் சொல்ற புத்தி

வா மருமவனே, வா. இந்தக் கட்டில்ல உக்காரு. ஸ்டாண்டர்டு ஹெரால்டு வாங்கிட்டயாம்ல! ஊரே பேசுது. நாலு கதவு, மார்க் த்ரீ, 1970 மாடல்னு உங்கம்மா போன்ல ஒப்பிச்சா. வாசல்ல ஏ.சி. வச்ச காரு சும்மா நிக்கையில, ஏ.சி. இல்லாத, பெல்ட்டு இல்லாத, ஓடவும் ஓடாத ஒரு காரைக் காசு குடுத்து வாங்கணும்னா அதுக்குப் பெரிய தெளிவு வேணும். அது உனக்கு உங்கப்பன் வழியில வந்தது. எங்க வழியில யாருக்கும் கெடையாது.

போட்டோவும் பாத்தேன். பானெட்டு மேல கைய வச்சு ஜமீன் தோரணையில நிக்கிற. எல்லாப் போட்டோவுலயும் வண்டி ஒரே வேப்பமரத்தடியில நிக்குதே, என்ன சங்கதின்னு கேட்டா, ‘ஸ்பேர் கெடைக்கல மாமா’ங்கிற. சரி, அத்தைகிட்ட காப்பி வாங்கிக் குடிச்சுக்கிட்டே கேளு. டாக்டர் வீட்டு ஹெரால்டை ஓட்டுனவன், அதுக்கடியில மல்லாக்கப் படுத்து மூஞ்சியில எண்ணெ வாங்குனவன்ங்கிற ஒரே தகுதியில சொல்றேன். உன் அளவுக்குப் படிச்ச படிப்பெல்லாம் நமக்குக் கெடையாது.

‘சாமான் கெடைக்கல’ன்னு அழுறவங்கள்ல பாதிப் பேருக்கு என்ன சாமான் வேணும்னே தெரியாது. மீதிப் பேருக்கு, வேணுங்கிறது எதுன்னு தெரியும். தன் வண்டி எதுன்னு தெரியாது. நீ ரெண்டுலயும் சேத்தி. அதனால மொதல்ல உன் வண்டியோட வம்சத்தைக் கேட்டுக்க.

1959ல இங்கிலாந்துல டிரையம்ப் ஹெரால்டுன்னு பேரு வச்சு எறக்குனாங்க. உருவம் வரைஞ்சு குடுத்தவரு இத்தாலிக்காரரு, ஜியோவானி மிக்கெலோட்டி. 1961ல மதராசுக்கு வந்துச்சு. ஸ்டாண்டர்டு மோட்டார் ப்ராடக்ட்ஸ் கம்பெனி, வண்டலூர் பெருங்களத்தூர் பக்கம் பேக்டரி. அந்தக் காலத்துல காரு வேணும்னா கல்கத்தாப் பக்கத்து அம்பாசடர், பம்பாய் பியட்டு, நம்ம மதராஸ் ஹெரால்டு. இந்த மூணுக்குள்ளதான் சனம் சுத்தணும். சீமையில ஹெரால்டு காருக்கு ரெண்டே கதவு. இங்கயும் மொதல்ல அப்படித்தான். பின்சீட்டுக்குப் போகணும்னா முன்சீட்டை மடக்கிக் குனிஞ்சு நுழையணும். பட்டுச்சேலையும் தூக்குவாளியுமா வர்ற நம்ம பெரியம்மாமாருக்கு இது சரிப்படுமா? 1968ல மார்க் த்ரீயில நாலு கதவு வச்சுட்டாங்க. ஒலகத்துலயே நாலு கதவு வச்ச ஹெரால்டு நம்ம மதராசுல செஞ்சது மட்டுந்தான். 1972ல கெஸல்னு பேரையும் மூஞ்சியையும் மாத்துனாங்க, 1977ல அதையும் நிறுத்திட்டாங்க.

அப்புறம் நடந்ததுதான் உனக்கு வேண்டிய கதை. 1985ல அதே கம்பெனி, ரோவர் காரோட உடம்புக்குள்ள பழைய வான்கார்டு இன்ஜினைத் திணிச்சு ஸ்டாண்டர்டு 2000ன்னு ஒண்ணை விட்டுச்சு. 1988ல காரு செய்யறதையே நிறுத்திப்புட்டாங்க. குடோன்ல கெடந்த ரோவர் சாமானெல்லாம் 2006 வாக்குல ஏலத்துக்கு வந்துச்சு. அள்ளிக்கிட்டுப் போனது யாருங்கிற? இங்கிலாந்துல ரிம்மர் பிரதர்ஸ்னு ஒரு ஸ்பேர் கடைக்காரங்க. நம்மாளுங்க அன்னைக்குப் பேப்பர்ல ராசிபலன் பாத்துக்கிட்டு இருந்தாங்க. இப்ப அந்தக் காரை வச்சிருக்கிற மதராசுக்காரனுக்கு ஒரு கதவுக் கைப்பிடி வேணும்னா, வண்டலூர்ல இருந்து போன சாமானை இங்கிலாந்துக்கு எழுதிப் போட்டு, கப்பக்கூலியும் சுங்கமும் கட்டி, திருப்பி வாங்கணும். வெள்ளைக்காரன் வெறுங்கையோட போனான்னு எந்தப் புஸ்தகத்துலயாவது போட்டிருக்கா?

அவனைக் குத்தம் சொல்லல. பழைய இரும்புன்னு நாம பாத்ததை அவன் சரக்குன்னு பாத்தான். சாமான் பொறந்த ஊர்ல இருக்கும்னு நெனைச்சு அலையாத; மதிக்கத் தெரிஞ்சவன் ஊர்லதான் இருக்கும்.

இப்ப உன் வண்டியை மூணு குமியாப் பிரி. சீமையில கெடைக்கிறது ஒரு குமி. இங்க மட்டுமே கெடைக்கிறது இன்னொரு குமி. எங்கயும் தேடாம நாமளே செஞ்சுக்கிறது மூணாவது குமி. இது தெரியாதவன் செஞ்சுக்க வேண்டியதைச் சீமையில தேடுவான், சீமையில இருக்கிறதைச் சென்னைப் புதுப்பேட்டைப் பழைய சாமான் கடையில தேடுவான், புதுப்பேட்டையில இருக்கிறதை வீட்டுக்காரி நகைப் பெட்டியில தேடுவான்.

சீமைக் குமி பெரிசு. ஹெரால்டை வச்சுத்தான் அங்க வைட்டெஸ், ஸ்பிட்பயர்னு அண்ணன் தம்பி காருகளைச் செஞ்சாங்க. ஸ்பிட்பயரு ரெண்டு பேர் மட்டும் போற, மேல்மூடி தெறக்குற காரு. அதை இன்னும் மடியில வச்சுக் கொஞ்சுற ஆளுக அங்க நெறையப் பேரு. அவங்க புண்ணியத்துல முன்கால் முட்டி, புஷ்ஷு, பிரேக்கு சிலிண்டரு, கிளட்ச் சாமான், கேஸ்கட்டு எல்லாம் இன்னும் புதுசா அடிச்சு விக்கிறாங்க. உனக்காக இல்ல, ஆனா உனக்கும் ஆகும்.

இங்கதான் ஒரு பள்ளம் இருக்கு. 1961லயே அங்க ஹெரால்டு இன்ஜினை 1147 சி.சி.க்கு ஏத்திட்டாங்க, பெறகு 1296. நாம கடைசி வரைக்கும் 948லயே குடும்பம் நடத்துனோம். நீ பாட்டுக்கு ‘ஹெரால்டு பிஸ்டன் ஒரு செட்டு, அவசரம்’னு இங்கிலீசுல அழகா எழுதுனா, அவன் 1147க்கு உள்ள 69.3 மில்லிமீட்டர் பிஸ்டனை அதைவிட அழகாப் பெட்டி கட்டி அனுப்புவான். உன் சிலிண்டரு 63 மில்லிமீட்டரு. நாலு பிஸ்டனையும் ஆபீஸ் மேசையில வச்சுப் பேனா சொருகிக்க வேண்டியதுதான். ஸ்ட்ரோக்கு ரெண்டுக்கும் 76தான், அதைப் பாத்து ஏமாந்துராத. பிஸ்டன்னாலும் ரிங்குன்னாலும் 948ன்னு மொதல் வரியிலயே எழுது. ஏற்கெனவே எவனாவது போரிங் போட்டிருக்கானான்னு அளந்து பாத்து, எத்தனை தவுசு, அதாவது இஞ்சுல ஆயிரத்துல எத்தனை பங்கு, ஓவர்சைஸ்னு ரெண்டாவது வரியில எழுது. பொண்டாட்டி புள்ளை சௌக்கியத்தை அப்புறம் விசாரிக்கலாம்.

இதைவிடச் சுருக்கு வழி நம்பரு. டிரையம்ப் சாமானுக்கு ஸ்டான்பார்ட்டுன்னு ஆறு இலக்க நம்பரு உண்டு. பழைய ஸ்பேர் புஸ்தகம் ஒண்ணு பிடிச்சு வச்சுக்கிட்டா அதுல படம் போட்டு, ஒவ்வொரு ஆணிக்கும் நம்பரு போட்டிருக்கும். நீ ‘அந்த வளைஞ்சு வருமே, நடுவுல ஓட்டை இருக்குமே’ன்னு கைய ஆட்டிக் கதகளி ஆடாம, நம்பரைச் சொன்னா சீமைக்காரனுக்கும் புரியும், சிவகாசிக்காரனுக்கும் புரியும். புஸ்தகத்துக்குச் செலவு பண்ண உனக்கு மனசு வராது, எனக்குத் தெரியும். பளபளன்னு வீல் கப்பு நாலு வாங்க வந்துச்சுல்ல?

வரவழைக்கிறதுலயும் ஒரு கணக்கு. சுங்க வரி சாமான் வெலைக்கு மட்டும் இல்ல. அனுப்புற கூலி, இன்சூரன்சு எல்லாத்தையும் கூட்டி அதுக்கு மேல போடுவாங்க. திங்கக்கிழமை ஒரு வாஷரு, வெள்ளிக்கிழமை ஒரு புஷ்ஷுன்னு வரவழைச்சா, சாமான் சும்மா வந்த மாதிரியும் கூலிக்கு மட்டும் சம்பாதிக்கிற மாதிரியும் ஆயிரும். பட்டியல் எழுதிச் சேத்து வை. ஹெரால்டு வச்சிருக்கிற இன்னும் ரெண்டு கிறுக்கனைப் பிடிச்சுக்க, மூணு பேருக்கும் ஒரே பார்சல். கிறுக்கனுக்குக் கூட்டாளி கெடைக்காதாங்கிற? ஞாயித்துக்கிழமை ஆனா கோவையிலயும் சென்னையிலயும் பழைய காரைத் தள்ளிக்கிட்டு எத்தனை பேரு போறான்னு பாரு.

ரெண்டாவது குமிக்கு வருவோம். பின்கதவு ரெண்டு, அதுக்குண்டான கண்ணாடி, கதவுக்கு நடுவுல நிக்கிற தூணு. இதைச் சீமையில கேட்டா அவன் சிரிப்பான். அவன் கண்ணால கண்டதே இல்லையே! நாலு கதவு நாம செஞ்சதுன்னு நெஞ்சை நிமித்துனோம்ல, அந்தப் பெருமைக்கு இப்ப வட்டி கட்டணும். செத்த மார்க் த்ரீ ஒண்ணு எங்கயாவது கெடந்தாத்தான் பின்கதவு.

செத்த வண்டி எங்க கெடக்கும்? பழைய டாக்டரு, வக்கீலு, மில்லு மேனேஜரு வீட்டுக் கொல்லையில, கோழி அடைகாக்க விட்டிருப்பாங்க. போறப்ப அந்த வீட்டுப் பெரியம்மாகிட்டப் பேசு, பேரன்கிட்டப் பேசாத. பெரியம்மாவுக்கு எடம் காலியாகணும். பேரன் செல்போன்ல வெலை பாத்திருப்பான். உன் கூலிங் கிளாசைக் கழட்டிப் பையில வச்சுக்க. வண்டியைக் கண்டதும் ‘அய்யோ, எவ்வளவு அழகு’ன்னு வாயைப் பொளந்தா ஒவ்வொரு ‘அழகு’க்கும் ஒரு வெலை ஏறும். கதவைத் தெறந்து பாத்து, ‘ப்ச்’ன்னு ஒரு சத்தம் விடு. அதுக்கு மேல பேசாத. கீழ்விளிம்பை நகத்தால சொரண்டிப் பாரு. பெயிண்டுக்குள்ள பட்டி கனமா இருந்தா அது கதவு இல்ல, எவனோ பட்டியிலயே பூசி எழுப்புன சொவரு. காந்தம் ஒண்ணு சட்டைப் பையில போட்டுக்க. இரும்பு இருந்தா ஒட்டும், பட்டின்னா வழுக்கி விழும். மனுசன் வாயைக் காட்டிலும் காந்தம் யோக்கியம்.

முழு வண்டியா வாங்குனா ஆர்.சி.யையும் கேட்டு வாங்கு. பேரு யாரு மேல இருக்கு, வரி பாக்கி உண்டா, பாங்குக் கடன் உண்டான்னு பாரு. உரிச்சுட்டு மீதியை எடைக்குப் போடுறதா இருந்தா பதிவை முறையா ரத்துப் பண்ணிட்டுப் போடு. நீ உரிச்ச வண்டியோட நம்பரை வேற எவனோ திருட்டு வண்டிக்கு மாட்டிட்டுச் சுத்துனா, போலீசு உன் வீட்டுக்குத்தான் காப்பி குடிக்க வரும்.

இன்னொண்ணு. ‘மார்க் த்ரீ இல்லையா? கெஸல் இருக்கு சார், ரெண்டும் ஒண்ணுதான்’னு ஒருத்தன் வருவான். இன்ஜின் ஒண்ணுதான், அதே 948. பின் அச்சு ஒண்ணு இல்ல. உன் ஹெரால்டுல பின்சக்கரம் ரெண்டும் தனித்தனியா ஆடுற ரகம், குறுக்க ஒரே பட்டை ஸ்பிரிங்கு. ஜாக்கி வச்சுத் தூக்குனா சக்கரம் ரெண்டும் உள்பக்கமா மடங்கும். புதுசாப் பாக்குறவன் ‘அச்சு ஒடிஞ்சு போச்சு சார், பெரிய வேலை’ன்னு பில்லு போட்டுருவான். ஒண்ணும் ஒடியல, அது அந்த வண்டியோட குணம். கெஸல்ல அந்த வம்பே வேண்டாம்னு நேர் அச்சாப் போட்டுட்டாங்க. அதைக் கொண்டாந்து உன் சட்டத்துல பூட்டுறேன்னு எவனாவது வெல்டிங் ராடை எடுத்தா, வெட்கப்படாம வண்டியைத் தள்ளிக்கிட்டு வெளிய வந்துரு.

மூணாவது குமி நம்ம கைக்கெட்டுன குமி. இதுலதான் படிச்சவன் தோத்துப் போறான். சைலன்சர், ஸ்பீடாமீட்டர் கேபிளு, ரேடியேட்டர் ஓஸு, கிளட்ச் பிளேட் லைனிங், பிரேக் ஷூ லைனிங், ஸ்பிரிங் பட்டை. இதையெல்லாம் எதுக்குய்யா சீமையில தேடுற? பட்டை அடிக்கிறவன், ஷூ ஒட்டுறவன், சைலன்சர் வளைக்கிறவன் ஒவ்வொரு டவுனுலயும் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னாடி இருக்கான். புஷ்ஷுக்குப் பித்தளைக் கம்பி, நைலான் கம்பி வாங்கிக் குடுத்து, தேஞ்சதையும் மாதிரிக்கு வச்சா லேத்துக்காரன் கடைஞ்சு குடுத்துருவான். கோயமுத்தூர்ல கணபதி, பீளமேடு பக்கம் போனா லேத்துச் சத்தத்துலதான் சனம் தூங்குது. ஆனா அவன்கிட்டத் தேஞ்சதை மட்டும் குடுத்து ‘இதே மாதிரி’ன்னு சொல்லிட்டு வந்துறாத. அவன் சொல் தவறாத மனுசன். தேஞ்ச அளவுலயே புதுசாக் கடைஞ்சு குடுப்பான். அது போய் உக்கார்ற எடத்தையும் அளந்து குடு. டயருக்கும் அழாத. 13 இஞ்சு சக்கரந்தான், மாருதிக்குப் போடுற 145/80 அளவு ஒக்காந்துக்கிரும். வால்வு மூடிக்குக் கார்க்கு ஷீட்டு வாங்கி, மூடி மேல வச்சு, ஓரமாச் சுத்தியலால தட்டிக்கிட்டே வந்தா கேஸ்கட்டு தானா வெட்டிக்கும். ஹெட் கேஸ்கட்டுல மட்டும் அந்த வித்தையைக் காட்டாத; அது வாங்கித்தான் போடணும்.

போல்ட்டு விசயத்துல உன் வண்டிக்கு இஞ்சு மரை. ஏழு பதினாறு, அரை, ஒம்பது பதினாறு ஸ்பேனரு. நீ மாருதிக்கு வாங்குன மில்லிமீட்டர் செட்டை எடுத்துட்டு வந்து, அரை இஞ்சு தலையில 13ஆம் நம்பரைப் போட்டுத் திருகுவ. தலை வழுக்கி மொட்டையாயிரும். அதைவிடப் பெரிய கூத்து, ஐஞ்சு பதினாறு மரை ஓட்டைக்குள்ள 8 எம்.எம். போல்ட்டை விடுறது. மொதல் ரெண்டு சுத்து சிரிச்சுக்கிட்டே உள்ள போகும். மூணாவது சுத்துல மரையைத் தின்னுரும். மரை போன இன்ஜின் பிளாக்கை எந்தக் கடையில வாங்குவ?

இப்பப் புதுப்பேட்டைக்குப் போவோம். போறப்ப நல்ல துணியா உடுத்திக்க. கார்லயே போ. எறங்குனதும் ‘ஹெரால்டு பார்ட்ஸ் இருக்கா?’ன்னு சத்தமாக் கேளு. எல்லாக் கடையிலயும் இருக்குன்னுதான் சொல்லுவாங்க. இல்லேன்னு சொல்றதுக்கு அவங்க என்ன பைத்தியமா? உன்னை உக்கார வச்சு, டீ சொல்லி, சந்து வழியா ஒரு பையனை ஓட விட்டு, பியட்டுச் சாமானையோ அம்பாசடர் சாமானையோ மண்ணெண்ணெயில கழுவிக் கொண்டாந்து ‘ஒரிஜினல் சார், கடைசிப் பீசு’ன்னு தருவாங்க. கடைசிப் பீசுன்னதும் உனக்குக் கை பரபரக்கும். நீ போன பெறகு அதே சந்துல இருந்து அடுத்த கடைசிப் பீசு வரும்.

இப்படி வேண்டாம்னா, கழட்டுன பழைய சாமானை ஒரு துணிப்பையில போட்டுக்கிட்டு, ஒரு வெர்னியரையும் எடுத்துக்கிட்டு, பழைய ஹெரால்டு தொட்ட மெக்கானிக் ஒருத்தரைக் கூட்டிக்கிட்டுப் போ. அவருக்குப் பஸ்சு காசும் மத்தியானச் சாப்பாடும் குடு. எந்தச் சாமான் எந்த வண்டிக்குச் சேரும்ங்கிறது எந்தக் கம்ப்யூட்டர்லயும் முழுசா ஏறல. இந்த மாதிரிக் கெழடுக மண்டையில இருக்கு. அவரு கடைக்காரன்கிட்ட ரெண்டு வார்த்தை பேசுனதும் வெலை பாதியாயிரும். உன்னை மட்டும் பேச விட்டா மீதிப் பாதியும் சேந்துரும்.

பெட்டியைப் பாத்து வாங்காத. பழைய கம்பெனிப் பெட்டிக்குள்ள புது டூப்ளிகேட்டு இருக்கும். கிழிஞ்ச காகிதத்துக்குள்ள அசல் சாமான் இருக்கும். டிஸ்ட்ரிபியூட்டர், டைனமோ, ஸ்டார்ட்டர் மோட்டாருன்னா உடம்புலயே பேரும் நம்பரும் அடிச்சிருக்கும், அதைப் படி. பாயின்ட்டு கேப்பு 15 தவுசு, டாப்பெட்டு 10 தவுசு. ஒரு பீலர் கேஜ் வாங்கி இதை நீயே வச்சுப் பழகு. பாதி நாளு ‘கார்புரேட்டரு போச்சு’ன்னு மெக்கானிக் சொல்றது இந்த ரெண்டு கேப்பும் தப்பி நிக்கிறதுதான்.

ரப்பருக்கு வந்தா என் சொல்லை மீறாத. ‘கம்பெனி சீலு ஒடைக்காத புது பிரேக்குக் கிட்டு, 1975 சரக்கு’ன்னு ஒருத்தன் பொக்கிசத்தை எடுத்துக் காட்டுவான். உனக்குக் கண்ணு ஈரமாகும். பித்தளையும் இரும்பும் பெட்டிக்குள்ள தூங்கும். ரப்பரு தூங்காது, கெழடாகும். கைக்கு நல்லாத்தான் இருக்கும். உள்ள போட்டு, பிரேக் ஆயில் பட்டு, எறக்கத்துல ஒரு மிதி மிதிக்கையில அதோட வயசு தெரியும். இரும்புல பழசைத் தேடு. ரப்பருல இந்த வருசத்து உருப்படியைத் தேடு. பெட்ரோல் ஓஸும், பெட்ரோல் பம்பு டயபிரமும் கூட அப்படித்தான். இப்ப பங்க்ல ஊத்துற பெட்ரோல்ல நூத்துக்கு இருபது பங்கு எத்தனாலு. 1970ல ரப்பரு செஞ்சவன் சாராயம் குடிக்கிற காரைக் கனாக் கண்டானா? அந்தப் பழைய ரப்பரு ஊறி, உப்பி, வெடிச்சுரும். எத்தனால் தாங்குற ரகம்னு கேட்டு வாங்கு. சூடான இன்ஜினுக்குப் பக்கத்துல பெட்ரோல் ஓஸு வெடிச்சா பெறகு ஸ்பேர் தேடுற வேலையே உனக்கு இருக்காது.

உன் வண்டியோட உசுரு எங்க இருக்குன்னு கேட்டா என்ன சொல்லுவ? இன்ஜின்னு சொல்லுவ. இல்ல. முன்சக்கரத்துக்குப் பின்னால கீழ்க்கோடியில கையளவு பித்தளை முட்டி ஒண்ணு இருக்கு, டிரன்னியன்னு சொல்லுவாங்க. மேல இருந்து எறங்குற இரும்புத் தண்டோட மரை அந்தப் பித்தளைக்குள்ள எறங்கியிருக்கும். நீ ஸ்டியரிங்கை ஒடிக்கையில எல்லாம் அந்த மரை திரும்புது. அதுக்கு ஊத்த வேண்டியது 90 நம்பர் கியர் ஆயிலு. கிரீஸ் இல்ல. கிரீஸ் மரைக்குள்ள முழுசா எறங்காது. காஞ்சு கெட்டிப்பட்டு வழியை அடைச்சுக்கும். தண்ணி உள்ள போயி இரும்பைத் துரு தின்னும். அப்புறம் ஒரு நாளு, வேகமாக்கூட இல்ல, தெருவுக்குள்ள திருப்புறப்ப தண்டு ஒடிஞ்சு சக்கரம் மல்லாந்துரும். சர்வீஸ் பண்ற பையன் கைல கிரீஸ் கன்னு இருந்தா சும்மா இருக்க மாட்டான். பக்கத்துலயே நில்லு. பிளக்கைக் கழட்டி, நிப்பிளைப் பூட்டி, கன்னுக்குள்ள கியர் ஆயிலு ஊத்தி அடிக்கச் சொல்லு.

வாங்குறப்பவும் சூதானம். எடப்பக்கம் வேற, வலப்பக்கம் வேற, மரை எதிரும் புதிருமா இருக்கும். ‘ஜோடி சார்’னு ஒரே பக்கத்து உருப்படி ரெண்டைத் தலையில கட்டிருவான். பித்தளையை மட்டும் புதுசாப் போட்டுட்டுத் துரு ஏறுன தண்டை அதுக்குள்ள விடாத. ரெண்டையும் சேத்து மாத்து. இது சீமைக் குமி. முதல் பார்சல்ல வர வேண்டியது இதுதான், வீல் கப்பு இல்ல.

அப்புறம் சர்க்கார் சங்கதி. 2021ல மத்திய சர்க்கார் விண்டேஜ் வண்டிக்குன்னு தனி விதி கொண்டாந்துச்சு. 50 வருசம் தாண்டுன வண்டி, சட்டம், பாடி, இன்ஜின் இதுல பெரிசா மாத்தம் பண்ணாம இருந்தா, நடுவுல ‘வி.ஏ.’ன்னு எழுத்துப் போட்டுத் தனி நம்பரு தருவாங்க. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருசம் செல்லும், புதுப்பிக்க 5,000. அதனால மாருதி இன்ஜினைத் தூக்கி வச்சா ஜம்முனு ஓடும்னு எவனாவது ஆசை காட்டுனா, நம்பரும் போச்சு மானமும் போச்சுன்னு வச்சுக்க. ஆனா அந்த நம்பரு வாங்குன வண்டியைத் தெனமும் ஓட்டக் கூடாது. கண்காட்சி, ஊர்வலம், ஆராய்ச்சி, பெட்ரோல் போடுறது, ரிப்பேருக்குப் போறது, இப்படி ஒரு சிலதுக்குத்தான் ரோட்டுல எறக்கலாம். உனக்கு இதுல ஒரு கஷ்டமும் இல்ல. உன் வண்டி ரிப்பேருக்குத் தவிர வேற எங்க போகப் போகுது?

செலவு பண்ற வரிசையையும் சொல்லிடுறேன். மொதல்ல நிறுத்துறது: பிரேக்கு சிலிண்டரு, ஓஸு, ஷூ. அடுத்தது திருப்புறது: டிரன்னியன், தண்டு, ஸ்டியரிங் முட்டி. மூணாவது எரியக் கூடாதது: பெட்ரோல் ஓஸு, வயரிங். நாலாவதுதான் ஓட்டுறது: இன்ஜினு, கியர்பாக்ஸு. பெயிண்டும் குரோமியமும் கடைசி. நீ தலைகீழா ஆரம்பிச்சிருக்க. மினுக்குற கப்பும் பேட்ஜும் வாங்கிட்டு பிரேக்குக்குக் காசு இல்லங்கிற. ஓடாத காரால ஒருத்தனும் செத்ததில்ல மருமவனே. நிக்காத காராலதான் சாவுறான்.

கடைசியா ஒண்ணு, இது உனக்கு மட்டும் இல்ல, பழைய வண்டி வச்சிருக்கிற எல்லாருக்கும். புதுச் சாமான் பூட்டுனதும் கழட்டுன பழசைத் தூக்கிப் பேரீச்சம்பழக்காரனுக்குப் போட்டுறாதீங்க. தேஞ்சதா, ஒடிஞ்சதா, எதுவா இருந்தாலும் தொடச்சு, எண்ணெ தடவி, காகிதத்துல சுத்தி, எந்தப் பக்கத்துது, என்ன நம்பருன்னு எழுதிக் கட்டி வைங்க. நாளைக்கு லேத்துக்காரனுக்கு அதுதான் மாதிரி, கடைக்காரனுக்கு அதுதான் சாட்சி, உங்களுக்குப் பெறகு வர்றவனுக்கு அதுதான் ஸ்பேர் புஸ்தகம். வண்டலூர் குடோன்ல கெடந்ததைப் பழைய இரும்புன்னு நெனைச்சதாலதான் இன்னைக்குச் சீமைக்கு எழுதிக்கிட்டு உக்காந்திருக்கோம்.